பெரியம்மா ஊட்டிய கீரைச்சோறு

அக்கா,

காலையில் பக்கத்து வீட்டில் முருங்கைக்கீரையை நெய்யில் வதக்கினார்கள். வாசம் வந்ததும் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினேன். நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. அந்த வாசத்தோடு என் வழக்கு இன்னும் தீரவில்லை.

எழுபதுகளின் கடைசி. விளாங்குடியில் ஒரே வீடு, இரண்டு அடுப்பு. அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவர்கள் நாம். உங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு நாலு வயதில் ஒருத்தி. "பொழுது சாஞ்சா பிள்ள நெலைக்கதவுல முட்டுறாடி. கீரை குடு, ஈரல் குடு" என்றீர்கள். "எம்பிள்ளைக்கு வயித்தால போகும். நீங்க ஒங்க சோலியப் பாருங்க" என்றேன். பிள்ளையில்லாதவள் என் பிள்ளையை ஏன் இப்படி உற்றுப் பார்க்கிறாள் என்றுதான் என் புத்தி போயிற்று.

அப்புறம் கவனித்தேன். என் சோற்றைத் தட்டிவிடுகிறவள் உங்கள் அடுப்படியை விட்டு வரமாட்டேன் என்றாள். ஒருநாள் எட்டிப் பார்த்தால், சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பச்சை உருண்டையாக உருட்டி ஊட்டுகிறீர்கள். என்னைக் கண்டதும் கையை முந்தானைக்குள் மறைத்தீர்கள். மறைத்ததுதான் அக்கா என்னைக் கெடுத்தது. பிள்ளையை வசியம் பண்ண மருந்து வைக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

வண்டியூர்ப் பக்கம் இடுமருந்து எடுக்கிறவரிடம் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் எதையோ புகட்ட, பிள்ளை பச்சையாகக் கக்கினாள். "பாத்தியா ஆத்தா, பொம்பள வச்ச மருந்து" என்றார். தெருவே கூடும்படி உங்களை ஏசினேன். "கீரைதேன்டி குடுத்தேன், மீனாச்சி சத்தியமா" என்று அழுதீர்கள். இரண்டு அடுப்புக்கும் நடுவே தட்டி கட்டினேன்.

மூன்று மாதத்தில், அந்தியானால் தட்டில் இருக்கும் சோற்றையே தடவ ஆரம்பித்தாள். கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். கூப்பிடாமலே வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டது நீங்கள்தான்.

கண் டாக்டர் மருந்து கொடுத்தார். "இது சத்துக் குறைஞ்ச மாலைக்கண். முன்னாடி கீரை, ஈரல் ஏதாவது குடுத்திருப்பீங்க. அதான் இவ்வளவு நாள் தாங்கியிருக்கு. யாரு குடுத்தது?"

"நான்தேன்" என்றேன். வெட்கங்கெட்ட நாக்கு.

"ஆமா டாக்டரு, இவதேன்" என்றீர்கள் நீங்கள். இரக்கமா, குத்தலா? பார்வை திரும்பிய பிறகும் எத்தனையோ வருடம் உங்கள் முகத்தை நோட்டம் பார்த்தேன். பிடிபடவே இல்லை.

உங்கள் கருமாதிப் பந்தியில் மகள் பரிமாறிக்கொண்டே யாரிடமோ சொன்னாள்: "எங்கம்மா மட்டும் அன்னைக்குக் கீரை ஊட்டலைனா நான் குருடியாப் போயிருப்பேன்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன் அக்கா. "கொஞ்சம் ரசம் ஊத்தும்மா" என்றுதான் வந்தது.