என் மூங்கில் வீட்டில் குடியிருக்கும் நூற்று இருபது நெல் மூட்டைகளைக் காலி செய்து தரக் கோரும் மனு

அனுப்புநர்:
அ. கயல்விழி, செவிலியர்,
த/பெ. அரசப்பன்,
நாவல்படுகை கிராமம்,
கும்பகோணம் வட்டம்.

பெறுநர்:
வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்,
கும்பகோணம்.

பொருள்: நானே கட்டிய வீட்டில் நான் ஓர் இரவுகூடத் தங்க இயலாத நிலை – கொள்முதல் நிலைய நெல் மூட்டைகளை அகற்ற வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் நான் அளித்த மனுக்கள், நாள்: 10.02.2025, 03.03.2025.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. கொள்ளிடக் கரையில் எனக்குப் பட்டா உள்ள அறுபது சென்ட் படுகை நிலத்தில் மூங்கிலும் தேக்கும் நாவலும் அடர்ந்து கிடக்கின்றன. ஊரில் அதைக் காடு என்றுதான் சொல்வார்கள். அதன் நடுவில் பன்னிரண்டுக்குப் பதினாறு அடியில் ஒரு வீடு கட்டியுள்ளேன். ஆள் வைத்து அல்ல. மருத்துவமனையில் வார விடுப்பு கிடைத்த நாட்களில், என் கையாலேயே, இரண்டு வருடம் ஐந்து மாதத்தில் கட்டினேன். மூங்கிலை வெட்டி, உளுத்துப் போகாமல் இருக்க வாய்க்காலில் ஊறப்போட்டு, யூடியூபைப் பார்த்துக் கட்டுப் போடப் பழகினேன். இடது கட்டைவிரல் நகம் இரண்டு முறை போய் வந்தது. மின் இணைப்பு இல்லை, நான் கேட்கவும் இல்லை. கூரையில் ஒரு சோலார் தகடு, வாசலில் ஒரு கைபம்பு, அவ்வளவே.

2. ஆற்றில் தண்ணீர் ஏறினாலும் நனையாதிருக்க, பன்னிரண்டு பனங்கால்களின் மேல் நாலடி உயரத்தில் தரையை நிறுத்தினேன். எலி ஏறாதிருக்க ஒவ்வொரு காலிலும் எண்ணெய் டின் தகட்டை வெட்டிக் கவிழ்த்து மாட்டினேன். காற்று வர, பலகைகளுக்கிடையே விரல் நுழையும் சந்து விட்டேன். இவை யாவும் என் சௌகரியத்துக்காகச் செய்தவை, நெல்லின் சௌகரியத்துக்காக அல்ல என்பதைத் தாங்கள் அன்புகூர்ந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

3. 19.01.2025 அன்று அரிசி, பருப்பு, கொசுவலையுடன் முதல் இரவு தங்கப் போனேன். அன்றுதான் மழை பிடித்தது. கொள்முதல் நிலையத்தில் அறுவடை நெல் எல்லாம் வெட்டவெளியில் கிடந்தது. பக்கத்து வயல் காத்தாயி அக்கா தலையில் ஒரு மூட்டையோடு வந்து, "கயலு, இத மட்டும் ஒரு ஓரமா வச்சுக்கடி" என்றார். அவர் பின்னால் டிராக்டர் நின்றது. நிலையத்தின் பட்டியல் எழுத்தர் திரு. இளவழகன் இரண்டே நாள் என்றார். தெரிந்தவர்களின் நெல் நனைவதைப் பார்த்துக்கொண்டு கதவைச் சாத்த எனக்கு மனம் வரவில்லை. பதினோரு மூட்டைகளை நானே தூக்கி அடுக்கினேன். அந்த நாளைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை.

4. மழை விட்டதும் அங்கேயே எடை போட்டு, அரசு சாக்குக்கு மாற்றித் தைத்து, மறுபடியும் என் வீட்டுக்குள்ளேயே அடுக்கிவிட்டார்கள். லாரி வரும்போதெல்லாம் வெளியே கிடக்கும் மூட்டைகளே முதலில் ஏறுகின்றன. என் வீட்டில் இருப்பவை பத்திரமாக இருப்பதால் அவற்றுக்கு அவசரம் இல்லையாம். இன்றோடு ஐம்பத்தேழு நாள். குணமான பிறகும் கட்டிலை விட மறுக்கும் நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கும் இவ்வளவு பொறுமை கிடையாது.

5. இடையில் ஆய்வுக்கு வந்த அலுவலர் ஒருவர் தரையில் இரண்டு முறை குதித்துப் பார்த்து, "ஒரு நூல்கூட எறங்கலியே!" என்று வியந்தார். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் போகும்போது என் கதவில் வெள்ளை பெயிண்டால் 'சேமிப்பு எண் 2' என்று எழுதச் சொல்லிவிட்டுப் போனார்.

6. அதைப் பார்த்த ஊரார், ஒவ்வொரு அறுவடைக்கும் இந்த வீட்டையே வைத்துக்கொள்ளலாம் என்று எண்பத்து நான்கு பேர் கையெழுத்திட்ட மனு ஒன்றைத் தங்களுக்கு அனுப்பியுள்ளதாக அறிகிறேன். அதில் முதல் கையெழுத்து என் தந்தை அரசப்பனுடையது. கேட்டதற்கு, "ஒனக்குக் கும்பகோணத்துல ரூம் இருக்கு, நெல்லுக்கு எங்க ரூம் இருக்கு?" என்றார். வீட்டு உரிமையாளரின் கையெழுத்து அந்த மனுவில் இல்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

7. என் தந்தையின் கேள்விக்குப் பதிலை இங்கே எழுதுகிறேன். கும்பகோணத்தில் எனக்கு இருப்பது மூன்று பேர் பகிரும் விடுதி அறை. அதற்கு முன்பு ஒரே அறையில் ஐந்து பேராக வளர்ந்தோம். கதவைச் சாத்தினால் என்னைத் தவிர யாரும் இல்லாத ஓர் இடம் எனக்கு நாற்பத்தோரு வயதில்தான் கிடைத்தது. அதில் இப்போது நூற்று இருபது பேர். நினைத்தால் சிரிப்பு வருகிறது அம்மா, ஆனால் விடுப்பு நாளில் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடும்போது வருத்தமாகவும் இருக்கிறது.

8. நெல்லுக்கு இடம் வேண்டும் என்பதில் நானும் ஊரோடுதான் இருக்கிறேன். எனவே, கொள்முதல் நிலையத்தை ஒட்டிய அரசு புறம்போக்கில் இடம் ஒதுக்கித் தந்தால், இதே முறையில் மூன்று மடங்கு பெரிய கொட்டகையை நானே முன்னின்று கட்டித் தருகிறேன். மூங்கில் என் தோப்பில் உள்ளது. கையெழுத்திட்ட எண்பத்து நான்கு பேரும் ஆளுக்கு ஒரு நாள் வேலை செய்வதாக ஒப்புக்கொண்டுள்ளனர். என் தந்தை இரண்டு நாள் செய்ய வேண்டும் என்பது என் தனிப்பட்ட கோரிக்கை.

9. ஆகவே, மேற்படி மூட்டைகளை உடனே அகற்றவும், என் வீட்டை நெல் சேமிப்பு இடங்களின் கணக்கிலிருந்து நீக்கவும் ஆணையிட வேண்டுகிறேன். வரும் 22ஆம் தேதி சனிக்கிழமை எனக்கு விடுப்பு. அதற்குள் லாரி வர வழியில்லை என்றால், நடுவில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்காவது மூட்டைகளை நகர்த்த அனுமதி தாருங்கள். நகர்த்துவதை நானே பார்த்துக்கொள்கிறேன். சுற்றிலும் நெல் இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
அ. கயல்விழி

இடம்: நாவல்படுகை
நாள்: 17.03.2025