அம்பதுக்கு ஒன்னு எது?

என் ஆசை ஜெசிந்தா அக்கா,

நீ இருக்கிற இடத்தில் மழை பெய்கிறதா? இங்கே டயகமவில் தேயிலை மலையெல்லாம் காலையிலிருந்து விடவில்லை. மழை என்றால் அம்மா கதவுக்குத் தாழ்ப்பாள் போட விடமாட்டாள். நீ வந்து தட்டி, எங்களுக்குக் கேட்காமல் போய்விடுமாம்.

நாங்கள் இப்போது மாமாவின் லயத்தில், அந்த வரிசை வீடுகளில் கடைசி அறையில் இருக்கிறோம். நம்முடைய லயம் இருந்த இடம் இன்னும் வெறும் மண்தான். போன மழைக்காலத்தில் மலை சரியப் போகிறது என்று எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே அம்மா குளிரில் நடுங்கிக்கொண்டு கம்பளியைக் கேட்டாள். "இந்தா வர்றேன்"னு சொல்லிவிட்டு நீ லயத்துக்குத் திரும்பிப் போனாய். மலை இறங்கிவிட்டது. எவ்வளவோ தோண்டியும் உன்னை எடுக்க முடியவில்லை.

சாயங்காலமானால் மழைத்தண்ணீர் ஓடுகிற கான் ஓரமாக உன் செருப்புச் சத்தம் கேட்கிறது அக்கா. எனக்கு மட்டும் என்றால் பிரமை என்று விட்டுவிடலாம். அந்த நேரம் பார்த்து அம்மாவும் தலையைத் தூக்குகிறாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நீ வந்து வாசலில் நின்றால் என்ன செய்வேன் என்று பயமாக இருக்கிறது. வராமலே போய்விடுவாயோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

முப்பதாம் நாள் பூசைக்கு உன் பெயரைக் கொடுக்க அம்மா விடவில்லை. "உடம்பே கெடைக்கல, யாருக்கு பூசை?" என்று மாமாவின் வாயை அடைத்தாள். எங்கள் இரண்டு பேருக்கு மூன்று தட்டு எடுத்து வைத்துத்தான் சோறு போடுவாள்.

போன ஞாயிறு கோயிலில் ஃபாதர், இன்று பெந்தக்கோஸ்து திருவிழா என்று ஆரம்பித்தார். அம்மா என்னை இடித்து, நாம் எப்போது பெந்தக்கோஸ்து ஆனோம் என்று கேட்டாள். கடைவீதிக்கு மேலே தம்பூர் தட்டிப் பாடுகிற சபைக்காரர்களைத்தான் அவளுக்குத் தெரியும். எனக்குச் சிரிப்பு வந்து உன் பக்கம் திரும்பினேன். அங்கே நீ இல்லை.

அது கிரேக்கச் சொல்லாம் அக்கா. ஐம்பதாவது என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தமே இல்லையாம். யூதர்கள் பாஸ்கா திருவிழா முடிந்து ஏழு வாரம் எண்ணி, மறுநாள் புதுக் கோதுமையைப் படைப்பார்களாம். நமக்கு உயிர்த்த ஞாயிறை ஒன்று என்று வைத்து எண்ணினால் ஐம்பதாம் நாள், பரிசுத்த ஆவி சீடர்கள் மேல் இறங்கிய நாள். ஒரே மலைக்கு வாராவாரம் கொழுந்தெடுக்கத் திரும்பிப் போகிற உனக்கு, ஏழு ரவுண்டு என்று சொன்னாலே விளங்கியிருக்கும். வெறும் ஒரு எண்ணையா திருநாளுக்குப் பெயராக வைப்பார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பூசை முடிந்ததும் அம்மா நேரே ஃபாதரிடம் போய் நின்றாள்.

"சாமி, அம்பதுன்னா ஒன்னு எது? ஒன்னு தெரியாம எப்படி எண்ணுறது?"

முதல் நாள் எது என்று முடிவு பண்ணினால்தான் எண்ண முடியும், யாராக இருந்தாலும் அப்படித்தான் என்றார் அவர். அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டே நின்றாள். வா போகலாம் என்று கையைப் பிடித்தேன், வரவில்லை.

"நான் கம்பளி கேட்டேன்ல சாமி. அந்த நாளுதான் ஒன்னு."

இத்தனை மாதத்தில் அவள் வாயில் கம்பளி என்ற சொல்லே வந்ததில்லை அக்கா. உன் பெயரைப் பூசைக்கு அவளே சொன்னாள், முழுப் பெயரையும் சொன்னாள். அன்று சாயங்காலம் இரண்டு தட்டுதான் எடுத்தாள். கதவுக்கு மட்டும் இன்னும் தாழ்ப்பாள் போடவில்லை.

அந்த நாளிலிருந்து ஐம்பது நாள் எப்போதோ கடந்து போய்விட்டது. மறுபடி மழைக்காலம் வந்து அந்த நாள் திரும்பும்போது, முதலிலிருந்து எண்ணப் போவதாக அம்மா சொல்கிறாள். ஒன்றிலிருந்து ஐம்பது வரைக்கும் பக்கத்திலேயே இருந்து நானும் எண்ணுவேன் அக்கா. ஒரு நாளைக்கூட அவளைத் தனியாக எண்ண விடமாட்டேன்.

கோயிலில் இன்னும் உனக்கு இடம் விட்டு உட்காருகிற
உன் தங்கச்சி