எண்ணூறு ரோஜாக் கன்றுகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

சுங்கத்தில் ஒரு வேடிக்கை. எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து எண்ணூறு ரோஜாக் கன்றுகள் வந்திறங்கின. செடிகளுக்கு நோயில்லை என்ற சான்றிதழின் அசலுக்குப் பதிலாக நகலை இணைத்துவிட்டேன். அசல் வந்துசேர ஒன்பது நாளாயிற்று; அதுவரை கன்றுகளைச் சுங்கத்தின் சோதனைக் கொட்டகையிலேயே பிடித்துவைத்தார்கள். கன்றுகள் பட்டுப்போனால் என் வேலையும் போகும் என்றார் மேலாளர். தினமும் தண்ணீர் ஊற்றப் பூவாளியோடு அங்கே போனேன். கண்ணாடிக் கூரை வழியே வெயில் மெதுவாக இறங்கும். அங்கே நின்றால் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே மறந்துவிடும்.

அசலோடு போன அன்று அத்தனையும் பூத்திருந்தன.

"என்னம்மா, தாள்ல பூவில்லாத கன்றுன்னு இருக்கு. இங்க பூக்கடையே நிக்குது?" என்றார் அதிகாரி.

"ஒன்பது நாள் பிடிச்சு வச்சா அதுங்க சும்மா இருக்குமா சார்?"

சிரித்துவிட்டார். "சரி, பூவையெல்லாம் கிள்ளிடு. தாள் சரியாயிடும்."

மாலைவரை கிள்ளினேன். வேலை தப்பியது. பூக்களை வெளியே எடுத்துப்போக அனுமதியில்லை. விரல்களில் ஒட்டிய வாசனையை மட்டும் யாரும் சோதிக்கவில்லை.

இனி எனக்குப் பார்சல் அனுப்பும்போது உள்ளே இருப்பதையெல்லாம் உங்கள் கையாலேயே பட்டியல் எழுதுங்கள். இரண்டு பக்கம் போனாலும் பரவாயில்லை, நான் படிப்பேன். தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உங்கள் மகள்