சுருட்டுக்கொட்டிலில் வானியல்

1934 செப்டெம்பர் 10, திங்கள்
வண்ணார்பண்ணை

புத்தகப் பெட்டிகள் ஐந்தும் மட்டக்களப்பிலிருந்து ரயிலில் இன்றுதான் வந்து சேர்ந்தன. நானும் தங்கமுத்துவும் வந்து மூன்று கிழமையாகிறது. அதுவரை புத்தகமில்லாத விரிவுரையாளனாகக் கல்லூரிக்குப் போய்வந்தேன். ஒரு பெட்டியில் மட்டும் கறையான். தின்றது என் பழைய பரீட்சைக் குறிப்புகளை. அதற்கும் ஏதோ ரசனை இருக்கிறது.

தங்கமுத்து எல்லாவற்றையும் உயரப்படி அடுக்கிவிட்டாள். பொருள்வாரியாக அடுக்க வேண்டும் என்றேன். உயரமானது உயரமானதோடு நின்றால்தான் பார்க்க வடிவு என்கிறாள். கலியாணமாகி ஆறு வருஷம். இந்த விஷயத்தில் நான் ஒருமுறையும் வென்றதில்லை.

இனி என் வானியல் நூல். இரண்டு வருஷ உழைப்பு. ஜனவரி முடிவதற்குள் முழுப் பிரதியையும் அனுப்பினால் அச்சிடுவதாகச் சென்னையில் தமிழ் நூல்கள் வெளியிடும் சபையார் எழுதியிருக்கிறார்கள். தமிழில் இப்படியொரு நூல் என் பெயரில் வரவேண்டும். இங்கே எழுத வெட்கமில்லை, வேறெங்கும் சொல்லமாட்டேன் — என் ஆசை முழுவதும் அதுதான்.

ஆனால் எப்படிச் சுத்தப்பிரதி எழுதுவது? அடுத்த வளவில் சுருட்டுக்கொட்டில். காலை ஏழரைக்கு ஒரு குரல் தொடங்குகிறது. பத்திரிகையைத் தலைப்பிலிருந்து மருந்து விளம்பரம் வரை உரத்து வாசிக்கிறது. சட்டசபையில் யார் யாரை ஏசினார் என்று தெரியாமல் இவர்களால் சுருட்டுச் சுற்ற முடியாதா?

செப்டெம்பர் 12

எங்கள் கிணறு உவர். தேநீரில் எவ்வளவு சீனி போட்டாலும் உப்புத்தான் முந்துகிறது. தங்கமுத்து இரண்டு வீடு தள்ளி நல்ல தண்ணீர் கண்டுபிடித்துவிட்டாள்; கூடவே மூன்று சிநேகிதிகளையும்.

செப்டெம்பர் 19, புதன்

முறைப்பாடு சொல்லக் கொட்டிலுக்குப் போனேன். அரை மணி நேரம் இருந்துவிட்டு, சொல்லாமலே வந்துவிட்டேன்.

உள்ளே ஒன்பது பேர் நிலத்தில் வரிசையாக இருந்து சுற்றுகிறார்கள். ஆளுக்கொரு பலகை, ஒரு கத்தி. வாசிப்பவர் பெயர் கனகரத்தினம். அவரும் சுருட்டுச் சுற்றியவர்தான். வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. மற்றவர்கள் அவரை அனுப்பிவிடவில்லை. வாசிக்க வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் தம் பலகையில் அவருக்கும் சேர்த்துச் சுற்றுகிறார்கள். எல்லாக் கொட்டிலிலும் இப்படி ஒரு வாசிப்பவர் உண்டாம். கைக்கு வேலை இருக்கிறது, காது சும்மாதானே கிடக்கிறது என்றார் ஆழ்வாப்பிள்ளை. அவர்தான் அங்கே மூத்த கை. ஐம்பது வயதிருக்கும், எழுத்து ஒன்றும் தெரியாது.

நான் அரிஸ்டோட்டில் முதல் படித்தவன். இவ்வளவு ஒழுங்கான ஒரு வாசிகசாலையை எங்கும் கண்டதில்லை. சட்டையெல்லாம் புகையிலை மணத்தோடு வீட்டுக்கு வந்தேன். தங்கமுத்து என்னைப் படியிலேயே நிறுத்திவிட்டாள்.

ஒக்டோபர் 4, வியாழன்

இன்டர்மீடியட் வகுப்பு. இருபத்திரண்டு பையன்கள். சந்திரனின் பிறைகளைப் பற்றி ஆங்கிலத்தில் அட்சரம் பிசகாமல் ஒப்பித்தார்கள். இன்று விடியற்காலை பிறை வானத்தில் எந்தப் பக்கம் நின்றது என்று கேட்டேன். ஒருவனுக்கும் தெரியவில்லை. எவனும் அண்ணாந்து பார்க்கவில்லை.

இரசாயனம் படிப்பிக்கும் சூசைதாசனிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். பரீட்சைத் தாளில் வானம் வராது, விடு என்றார். நல்ல மனிதர். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொண்டுவரும் பாணையும் சம்பலையும் தினமும் என்னோடு பங்கிடுகிறார்.

இந்த ஊரில் எனக்குப் பிடித்தது சைக்கிள் பாதை. ஒரு மேடு கிடையாது. மிதிக்க மிதிக்க யோசனை வருகிறது.

ஒக்டோபர் 20, சனி

இன்றைய கதையை எழுதக் கை கூசுகிறது. எழுதுகிறேன்.

கனகரத்தினத்துக்குக் காய்ச்சல். கல்லூரி விடுமுறைதானே, இன்றைக்கு வந்து பத்திரிகை வாசிக்க முடியுமா என்று ஆழ்வாப்பிள்ளை வேலியோரம் நின்று கேட்டார். போனேன். பத்து மணிக்குள் பத்திரிகை முடிந்துவிட்டது. வேறேதும் இருக்கோ என்றார்கள். இருக்கிறதே! வீட்டுக்கு ஓடிவந்து என் முதலாம் அத்தியாயத்தை எடுத்துப் போனேன்.

‘பூமியானது தன் அச்சின்மீது சுழலுதலாகிய காரணத்தினாலன்றோ திவாராத்திரி பேதம் சம்பவிப்பதாயிற்று’ — இப்படித் தொடங்குகிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு நன்றாகத்தான் வாசித்தேன்.

முதல் பக்கம் முடியும்போது ஒருவர் தண்ணீர் குடிக்க எழும்பினார். இரண்டாம் பக்கத்தில் இருவர். பிறகு ஒருவருக்கு வெற்றிலை வேண்டியிருந்தது. ஐந்தாம் பக்கத்தில் பார்க்கிறேன், ஆழ்வாப்பிள்ளையும் இன்னும் இருவரும்தான் பலகையில். மூவரில் ஒருவர் தூங்குகிறார். கை மட்டும் சுற்றுகிறது.

ஆழ்வாப்பிள்ளை மரியாதையான மனிதர். “நல்ல தமிழ், மாஸ்ரர். கோயிலிலை இருக்கிற மாதிரிக் கிடந்தது,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “பேப்பரிலை மிச்சம் ஏதும் இருக்கோ?”

ஒக்டோபர் 21

நேற்றிரவு நித்திரை இல்லை. சுருட்டுச் சுற்றுபவர்களுக்கு விளங்கவில்லை என்றால் அது நூலின் குற்றமா? நான் அவர்களுக்காக எழுதவில்லையே.

பின் யாருக்காக எழுதினேன்? சபையாருக்கு இதெல்லாம் ஏற்கனவே தெரியும்.

தங்கமுத்துவிடம் கொட்டில் கதையைச் சொன்னேன். சிரித்தாள். அடக்கிப் பார்த்தும் முடியாமல் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, “நீங்க எனக்கு வாயால சொல்லக்குள்ள விளங்குது. எழுதினாத்தான் விளங்கல்ல,” என்றாள்.

ஆறு வருஷமாக இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் கேட்கவில்லையாம்.

நவம்பர் 17, சனி

முதலாம் அத்தியாயத்தை நான்காம் முறையாக எழுதி முடித்தேன். இப்போது இப்படித் தொடங்குகிறது: ‘சூரியன் எழும்புவதில்லை. நாம்தான் அதன் பக்கம் திரும்புகிறோம்.’ இதை எழுத எனக்கு நான்கு கிழமை பிடித்திருக்கிறது.

கனகரத்தினம் தேறிவிட்டார். ஆனாலும் சனிக்கிழமை பத்து மணிக்குமேல் வாசிப்பு எனக்கு என்று விட்டுத்தந்திருக்கிறார். வாசித்தேன். ஒருவர்தான் எழும்பினார். அவருக்கு உண்மையாகவே வயிற்றுக்குத்து.

வாசித்து முடிய ஆழ்வாப்பிள்ளை, “அப்ப ஏன் மாஸ்ரர் எங்களுக்குத் தலை சுத்தேல்லை?” என்றார்.

என் பையன்கள் ஒருவனும் இதுவரை கேட்காத கேள்வி. ரயில் கோச்சியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தால், அது குலுங்காமல் ஒரே வேகத்தில் போனால், போவது தெரியுமா என்று திருப்பிக் கேட்டேன். எங்கடை கோச்சி குலுங்காமல் எப்ப போனது என்றார் ஒருவர். கொட்டில் முழுதும் சிரித்தது. ஆனால் விளங்கிவிட்டது. அந்தக் கேள்வியையும் சிரிப்பையும் இரண்டாம் அத்தியாயத்தில் சேர்த்துவிட்டேன்.

எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன். எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

டிசம்பர் 11, செவ்வாய்

புது நடையில் மூன்று அத்தியாயங்களைச் சென்னைக்கு மாதிரியாக அனுப்பியிருந்தேன். பதில் வந்தது. சபையின் காரியதரிசி எழுதுகிறார்:

‘இந்நடை சிறார்க்குக் கதை கூற ஏற்புடைத்து, சாத்திரத்தின் கௌரவத்திற்கு ஏற்புடைத்தன்று. முன்பு தாங்கள் காட்டிய நடையிலேயே முழுப் பிரதியும் வருமாயின் அச்சேற்றச் சித்தமாயிருக்கின்றோம். அன்றேல் இயலாது.’

பழைய பிரதி முழுவதும் அலுமாரியில் இருக்கிறது. கொட்டிலில் வாசிக்குமுன்பே சுத்தமாக எழுதி, கட்டிக்கூட வைத்துவிட்டேன். தபாலில் போட வேண்டியதுதான் வேலை.

இங்கே இதை அச்சிட ஆளில்லை. ஊர் அச்சுக்கூடத்தில் விசாரித்தாயிற்று. படங்களும் பட்டியல்களும் உள்ள நூலைக் கையால் தொடவே பயப்படுகிறார்கள்.

டிசம்பர் 13

போட்டுவிட்டால் என்ன?

சூசைதாசன் சொல்கிறார்: முதலில் பெயர் வரட்டும், பிறகு இஷ்டப்படி எழுதலாம், கிடைத்ததை விடுவது மடத்தனம். நான் அவருடைய இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

டிசம்பர் 14

தங்கமுத்துவிடம் கேட்டேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். “ரெண்டும் ஒங்கட கை எழுதினதுதானே. எத வாசிக்கக்குள்ள வெக்கமில்லையோ அத அனுப்புங்க,” என்றாள். தலை நிமிரவில்லை.

எது அச்சில் வருகிறதோ அதில்தான் எனக்கு வெட்கமில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

1935 ஜனவரி 18, வெள்ளி

நாளைக்குச் சந்திரகிரகணம். கல்லூரியில் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கொட்டிலுக்குப் போய்க் கிரகண அத்தியாயத்தை வாசித்தேன்.

பாதியில் ஏதோ வித்தியாசமாகப் பட்டது. அமைதி. இலை கிழிகிற சத்தமில்லை, கத்தி தட்டுகிற சத்தமில்லை. நிமிர்ந்து பார்த்தேன். பத்துப் பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கனகரத்தினம் வாயைத் திறந்தபடி இருந்தார். தொடர்ந்து வாசித்தேன்.

கொட்டில் முதலாளி இராசநாயகம் வாசலில் நின்றது எனக்குத் தெரியாது. முடிந்தபின் என்னை வெளியே கூட்டிப்போய், “மாஸ்ரர், குறை நினையாதையுங்கோ. உந்த வாசிப்பைப் பின்னேரத்திலை வைச்சுக்கொள்ளுங்கோ. கையெல்லாம் நிண்டுபோச்சு,” என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தனியே சிரித்தேன். என் வாழ்க்கையில் எந்தப் பேராசிரியரும் எனக்கு இவ்வளவு பெரிய சான்றிதழ் தந்ததில்லை.

ஜனவரி 20, ஞாயிறு

நேற்று ஏழு மணிக்குமேல் வீட்டு முன் ஒழுங்கை முழுதும் ஆட்கள். கொட்டில்காரர் பெண்சாதி பிள்ளைகளோடு வந்து நின்றார்கள். ஓரத்திலிருந்து கறுக்கத் தொடங்கியதும் ஆழ்வாப்பிள்ளையின் மனைவி சின்னாச்சி வயிற்றில் கைவைத்துக்கொண்டு முணுமுணுத்தார். அவருடைய மகள், ஏழு மாதக் கர்ப்பிணி, வீட்டில் இருக்கிறாளாம்.

ஆழ்வாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் நிற்பதே அவருக்கு நினைவில்லை. “பயப்பிடாதை. பாம்பும் இல்லை, ஒண்டும் இல்லை. அது எங்கடை நிழல். நீயும் நானும் இந்தப் பனையும் எல்லாம் அதுக்குள்ளைதான் நிக்கிறம்,” என்றார்.

‘எங்கடை நிழல்’ — நான் எழுதியது ‘பூமியின் நிழல்’. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை இருட்டு.

ஆனாலும் கிரகணம் விட்டபின் குளித்துவிட்டுத்தான் சாப்பிட்டாராம். நானும்தான். தங்கமுத்து விட்டால்தானே.

ஜனவரி 22, செவ்வாய்

பழைய நடையில் அனுப்ப எனக்கு இயலாது என்று சபைக்கு எழுதினேன். மூன்று வரிக் கடிதம். கல்லூரிக்குப் போகும் வழியில் தபாற்பெட்டிக்குள் போட்டேன். போட்ட கையை உடனே எடுக்க முடியவில்லை.

பெப்ரவரி 16

மறுமொழி இல்லை. வாசிப்பும் எழுத்தும் ஓடவில்லை. ஏன் அப்படிச் செய்தேன்? பத்துப் பேருக்காகவா?

மார்ச் 9, சனி

மாதிரிக்கு அனுப்பிய மூன்று அத்தியாயங்களும் திரும்பி வந்துவிட்டன. கடிதம்கூட இல்லை, சீட்டு மட்டும். சபையின் வெளியீடாக வேறொருவருடைய வானியல் நூல் வரப்போவதாகப் பத்திரிகையில் கண்டேன். பொய் எழுத என்ன இருக்கிறது — அந்த மனிதர் மேல் பொறாமைதான். இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றேன். தங்கமுத்து ஒன்றும் கேட்காமல் பிட்டையும் பாலையும் பிசைந்து கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடியும்வரை பக்கத்தில் இருந்தாள்.

மார்ச் 11

கனகரத்தினம் வீட்டுக்கு வந்தார். முதல் தடவை. கதிரையில் இருக்க மறுத்து நின்றபடியே கேட்டார்: புத்தகத்தை ஒரு மாதத்துக்குத் தரமுடியுமா? மகள் பாலேஸ்வரி ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், கையெழுத்து முத்துப்போல இருக்கும், கொப்பியில் பார்த்தெழுதித் தருவாள். வட்டுக்கோட்டையில் அவருடைய மைத்துனர் வாசிக்கிற கொட்டிலில் கேட்கிறார்களாம்.

புது நடையில் எழுதியதற்கு இருப்பது ஒரே பிரதி. மழை, கறையான், அடுப்பு எல்லாம் ஒரு கணத்தில் நினைவுக்கு வந்தன. கொடுத்தேன். ஒழுங்கை முனைவரை கூடவே போய், நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள் என்று இரண்டுமுறை சொன்னேன்.

ஏப்ரல் 17

புத்தகம் திரும்பி வந்தது. ஒரு தாள் மடங்கவில்லை. படங்களைக்கூட அந்தப் பிள்ளை வரைந்திருக்கிறாளாம். சனிக்கோளின் வளையத்துக்குச் சிவப்பு மை.

ஜூன் 15, சனி

சூசைதாசன் சண்டிலிப்பாயில் புதுவீடு குடிபூருகிறார். தங்கமுத்து விடியவே ரோசு நிறச் சீலை உடுத்துச் சூசைதாசன் பெண்சாதியோடு காரில் போய்விட்டாள். நான் சைக்கிளில். புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவால் போகும்போது ஒரு கிடுகுவேலிக்குப் பின்னால் ஒரு குரல் வாசித்துக்கொண்டிருந்தது. நான் அறியாத குரல். இரண்டு வரி கேட்டபின்தான் தெரிந்தது, என் அத்தியாயம்.

சைக்கிளை விட்டு இறங்கினேன்.

சந்திரன் எப்போதும் ஒரே முகத்தை நமக்குக் காட்டுவதேன் என்ற இடம். நான் அதற்கு மூன்று பந்தி எழுதி, ஒரு படமும் வரைந்திருந்தேன். அந்த மூன்று பந்தியும் வரவில்லை. குரல் வாசித்தது: “செக்குச் சுத்திற மாடு செக்குக்கு எப்பவும் ஒரு பக்க விலாவைத்தானே காட்டுது. சந்திரனும் அப்பிடித்தான்.” அவ்வளவுதான். அடுத்த பந்திக்குப் போய்விட்டது.

மூன்று பந்தி, ஒரு படம், ஒரு கிழமை வேலை. ஒரு மாடு வந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டது.

படலையைத் திறந்து உள்ளே போனேன். வாசித்தவர் நிறுத்தினார். வழிப்போக்கன், தண்ணீர் வேண்டும் என்றேன். தந்தார்கள். ஆர் எழுதின புத்தகம் என்று கேட்டேன்.

“ஆரெண்டு தெரியாது ஐயா. வட்டுக்கோட்டையிலையிருந்து வந்த கொப்பி. அதைப் பாத்து நாங்கள் எழுதினது,” என்றார். பிறகு, “நேரமிருந்தால் இருந்து கேளுங்கோவன். நல்ல இடம் இனித்தான் வருது,” என்றார்.

ஒரு ஓலைப்பாயை இழுத்துப் போட்டார்கள். இருந்தேன். அத்தியாயம் முடியும்வரை ஒருவரும் எழும்பவில்லை, நானும் எழும்பவில்லை. குடிபூரலுக்குப் போகும்போது சாப்பாட்டுப் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கே போனீர்கள் என்று தங்கமுத்து காதுக்குள் கேட்டாள். சொன்னேன். இம்முறை அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள், அத்தனை சனத்துக்கு நடுவே.

வீட்டுக்கு வந்ததும் என் பிரதியை எடுத்தேன். மூன்று பந்தியையும் படத்தையும் அடித்துவிட்டு, மாட்டைப் பற்றிய அந்த இரண்டு வரியையும் அவர் வாசித்தபடியே எழுதினேன்.