வீடியோவை நிறுத்தாதே

மாமா, இன்று காலை கூரியர்காரர் வந்து ஹாரன் அடித்தார். வெள்ளைப் போலிஸ்டைரின் பெட்டி. டேப்பைக் கிழித்ததும் அதே வாடை: உப்பு, பிளாஸ்டிக், வழியெல்லாம் பயந்துகொண்டே வந்த மீனின் கழிவு. உங்கள் வாடை என்றே சொல்லலாம், கோபப்படாதீர்கள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு ஆன்லைனில் நானாக வாங்கிய முதல் மீன் இது.

கடைக்காரர்களின் சட்டம் இன்னும் மாறவில்லை. மீன் செத்து வந்தால் வேறு மீன் தருவார்கள். ஆனால் பெட்டியைத் திறப்பதிலிருந்து வீடியோ வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது, பையை அவிழ்க்கவும் கூடாது. அப்போதெல்லாம் பெட்டி உங்கள் கையில், உங்கள் போன் என் கையில். இன்று ஆள் இல்லாததால் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தேன்.

செடெனாக் தோட்டத்தில் செம்பனைக் குலை லாரி ஓட்டி ஓய்ந்த மனிதருக்குக் கடல் மீன் ஆசை எங்கிருந்து வந்ததோ! அதிலும் சாதுவான மீனாகப் பார்த்தா வாங்கினீர்கள்? டிரிகர். கறுப்பு உடம்பில் பெரிய வெள்ளைப் பொட்டு, மஞ்சள் உதடு. நத்தையை ஓட்டோடு அது நொறுக்கும் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும். முதலில் கூட விட்ட மீனின் கண்ணைத் தோண்டியது. அடுத்து வந்ததன் வாலைக் கடித்துத் துப்பியது. உங்கள் சுண்டுவிரலிலும் ஒரு துண்டு எடுத்தது. ரத்தம் சொட்டச் சொட்டச் சிரித்தீர்கள். "நம்ம ரகம் லா இது!"

அதன்பிறகு ஒரு வழி பிடித்தீர்கள். புது மீன் வந்தால் டிரிகரை வலையில் அள்ளி, ஓட்டை போட்ட பெட்டியில் அடைத்துத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிடுவீர்கள். புது மீன் தொட்டியெல்லாம் சுற்றித் தனக்கென்று இடம் பிடித்த பிறகுதான் டிரிகருக்கு விடுதலை. சின்னதுதானே, அதையே அடைத்துவிடலாமே என்று ஒருநாள் கேட்டேன்.

"அடிக்கிறவனத்தான் உள்ள போடணும். அடி வாங்குறத போட்டு என்னா பிரயோஜனம்?" என்றீர்கள்.

அன்று காலையில்தான் என்னைக் கட்டிய உங்கள் மகன் என் தலையைக் குளியலறைச் சுவரில் மோதியிருந்தார். அது கேட்டு டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தவர் நீங்கள். உங்களை நல்லவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, மாமா. அத்தையின் முன்பல் எப்படிப் போனது என்று இந்தத் தாமான் குடியிருப்பு முழுக்கத் தெரியும்.

மஞ்சள் டாங் மீன் வந்த நாளைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நீங்கள் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தீர்கள், நான் போனைப் பிடித்திருந்தேன். சிங்கப்பூரில் இரவு வேலை முடிந்து எல்லை தாண்டி உங்கள் மகன் பைக்கில் வந்து இறங்கினார். தேத்தண்ணி கலக்கச் சொன்னார்.

"வீடியோ ஓடுது, கொஞ்சம் இருங்க" என்றேன்.

அவ்வளவுதான். கையிலிருந்த ஹெல்மெட்டாலேயே வாயில் அடித்தார். போன் விழுந்தது, நானும் விழுந்தேன். "மீனுதான் ஒனக்குப் பெருசா?" என்று விலாவில் உதைத்தார், மறுபடியும் உதைத்தார். நீங்கள் எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினீர்கள்.

"வீடியோவ நிறுத்தாத!"

என்னிடம்தான் சொன்னீர்கள். வாய் நிறைய ரத்தத்தோடு தவழ்ந்துபோய்ப் போனை எடுத்தேன். பையில் ஒருக்களித்துச் செத்துக் கிடந்த மஞ்சள் மீனைப் படம் பிடித்தேன். டேப் வெட்டுகிற கத்தி மட்டும் அன்று என் கைக்கு எட்டியிருந்தால், முதல் வெட்டு அவருக்கு இல்லை, உங்களுக்குத்தான்.

நீங்கள் அந்த வீடியோவைப் பார்க்காமலேயே கடைக்கு அனுப்பினீர்கள். உங்கள் மகன் படுத்துவிட்டார். நான் துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். லாயாங் லாயாங் ஊரிலிருந்து அம்மா போனில், "கெளம்பி வந்துடும்மா" என்று அழுதார். அப்போது கூடத்தில் உங்கள் போனிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. மீன் கடைக்காரி அனுப்பிய பதில்.

"அங்கிள், மீனு வேற அனுப்புறேன், அது பரவால்ல. வீடியோவுல ஒரு அக்காவ அடிக்கிறாங்களே, அவங்களுக்கு என்னா ஆச்சு? யாராச்சும் போய்ப் பாத்தீங்களா?"

அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டீர்கள். பிறகு என் அறை வாசலில் வந்து நின்றீர்கள். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"ஒங்க அத்தைய நான் அடிச்சப்ப ஒருத்தன் கேக்கல. மீனு விக்கிற பொண்ணு கேக்குது." என் பையைப் பிடுங்கித் துணிகளைக் கட்டிலில் கொட்டினீர்கள். "நீ எங்க போற? போக வேண்டியவன் அவன்."

மகனின் சட்டைகளை அந்தக் காலி மீன் பெட்டியில் அமுக்கி, கேட்டுக்கு வெளியே எறிந்தீர்கள். அவர் எழுந்து வந்து உங்கள் கழுத்தைப் பிடித்துச் சுவரில் சாத்தினார். உங்கள் புருவம் கிழிந்தது. தொட்டித் தண்ணீர் மாற்றுகிற பைப்பை எடுத்து அவர் முழங்காலில் நீங்கள் போட்ட போட்டில் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறமும் நீங்கள் நிறுத்தவில்லை. அலமாக்! நான் மட்டும் உங்கள் இடுப்பைக் கட்டி இழுத்திருக்காவிட்டால் கொன்றே போட்டிருப்பீர்கள். "இனிமே உள்ள கால வச்ச, நானே போலீஸுக்குப் போவேன். பெத்த புள்ளன்னு பாக்க மாட்டேன்" என்று மூச்சிரைக்கச் சொன்னீர்கள். கண்ணுக்குள் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

வேறு டாங் வந்தது. டிரிகர் பெட்டிக்குள் போனது, கொஞ்ச நாளில் வெளியே வந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "அவரையும் இப்படித் திரும்பக் கூப்பிட்டுக்குவீங்களா, மாமா?" என்று கேட்டேன்.

"அது மீனு. இவன் என் மகன், திருந்த மாட்டான்னு எனக்குத் தெரியும்" என்றீர்கள்.

மார்வலி உங்களைக் கொண்டுபோகும் வரை கூப்பிடவில்லை. உங்களை மன்னித்தேனா என்று கேட்காதீர்கள், அந்த டிவி சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனாலும் உங்களுக்காக அழுதேன்.

இன்று வீடியோ ஓடிக்கொண்டிருந்தபோது கேட் அதிர்ந்தது. உங்கள் மகன்தான். "அதான் அப்பா போயிட்டாருல்ல, தொறடி!" கம்பியை உதைத்தார். ஹெல்மெட்டால் பூட்டை இடித்தார். என் விலா தானாகச் சுருங்கியது. அடுப்படிக்குள் ஓடி ஒளியத்தான் உடம்பு கிளம்பியது. அப்போது உங்கள் குரல் கேட்டது, மாமா, அதே பாழாய்ப்போன குரல்.

சீனிப் போத்தலிலிருந்து போனை எடுத்தேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். கீழே இறக்கவில்லை.

"ஒதைங்க, ஓடுது. போலீஸுக்கும் அனுப்புவேன், மீனு கடைக்காரிக்கும் அனுப்புவேன்."

வாயில் வந்ததையெல்லாம் பேசினார். போனைப் பார்த்துத் துப்பினார். பிறகு தூக்கிய காலைக் கீழே வைத்து, பைக்கை எடுத்துக்கொண்டு போனார். முனை திரும்பும் வரை பிடித்திருந்தேன். அப்படியே உள்ளே வந்து, பையை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன்.

மீன் உயிரோடு இருக்கிறது, மாமா. டிரிகரை வலையில் அள்ளி, ஓட்டை போட்ட பெட்டிக்குள் போட்டேன். அதன்பிறகுதான் வீடியோவை நிறுத்தினேன்.