பிலயாமின் கழுதை மன்னாரில் பிறந்தது

பேசாலை
12.1.2004

அன்பு மகள் பிரான்சிஸ்காவுக்கு,

நான் சுகம். உன் சுகத்துக்காகத்தான் காலையும் மாலையும் செபமாலை சொல்லுகிறேன். குண்டு வெடித்ததென்று றேடியோவில் நீ இருக்கும் ஊரின் பெயர் வந்தாலே சோறு இறங்குவதில்லை. ரெலிபோனில் நீ "சுகம் அப்பா, சுகம்" என்று இரண்டு தரம் சொல்லுகிறாய். இரண்டாவது சுகத்தைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. அதனால் ஒழுங்காக ஒரு கடிதம் எழுது.

அம்மா போன பிறகு வீட்டில் நான் தனி. முப்பது வருசம் ஞானோபதேசம் படிப்பித்த உபதேசியாரின் மகள் ஒரு யூத குருவுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருக்கிறாள் என்று கோயில் வாசலில் கதைக்கிறார்கள். நீ அங்கே நின்ற நாலு வருசம் காணும். உயிர்த்த ஞாயிறுக்கு நீ வீட்டில் நிற்க வேண்டும்.

அன்புள்ள அப்பா,
எமிலியானுஸ்


எருசலேம்
30.1.2004

என் அன்பு அப்பாவுக்கு,

கோபிக்காதேங்கோ. உயிர்த்த ஞாயிறுக்கு வர முடியுமா என்று இப்போது சொல்ல முடியாது. எனக்கு இங்கே ஒரு பயம் பிடித்திருக்கிறது.

நான் பராமரிக்கிற நப்தாலி ஐயாவுக்கு எண்பத்தாறு வயது. அப்பாவுக்கு மறதி வந்துவிட்டதென்று அவருடைய மகன் கிடியோன் சந்தேகப்படுகிறார். வயோதிபர் மடத்தில் விடுவதா, வீட்டில் வைத்திருப்பதா என்பதைப் பூரிம் திருநாளன்று தீர்மானிப்பாராம். எஸ்தர் அரசி தன் சனத்தைக் காப்பாற்றியதைக் கொண்டாடும் நாள் அது. அன்று மட்டும் வேதம் படித்த பெரியவர்கள் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு பகிடிப் பிரசங்கம் செய்வார்கள். காட்டுகிற வசனம் எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும்; முடிவு மட்டும் சுத்தப் பைத்தியமாக இருக்கலாம். ஐயா வருசாவருசம் பழைய மாணவர்களுக்கு முன்னால் இதைச் செய்கிறவர்; இந்த முறை அதைக் கேட்டுத்தான் கிடியோன் முடிவெடுப்பாராம்.

இந்த வருசத்துப் பிரசங்கத்துக்கு நான்தான் காரணம். மன்னார்க் கழுதைகள் நடு றோட்டில் படுத்தால் பஸ் வந்தாலும் எழும்பாது என்று அவருக்குச் சொல்லியிருந்தேன். உடனே பிடித்துக்கொண்டார். பிலயாம் தீர்க்கதரிசி ஏறிப்போன கழுதை வானதூதரைக் கண்டு வழியில் படுத்துவிட்டதாம். மூன்று தரம் அடி வாங்கியும் உதைக்காமல், "நான் உனக்கு என்ன செய்தேன்?" என்று நியாயம் கேட்டதாம். சாலமோனின் கப்பல்கள் நம்முடைய பக்கத்திலிருந்து தந்தம், குரங்கு, மயில், கழுதை எல்லாம் ஏற்றிப் போனதாம். ஆகவே பிலயாமின் கழுதை மன்னாரில் பிறந்தது, பேசியது தமிழ். அப்பா, நான் சிரித்துச் சிரித்துக் கஞ்சியைக் கொட்டிவிட்டேன்.

ஆனால் வசனத்தில் ஒரு பிசகு வந்தால் கிடியோன் விடமாட்டார். இதெல்லாம் பழைய ஏற்பாடு; என்னிடம் புதிய ஏற்பாடு மட்டும்தான் இருக்கிறது. இங்குள்ள புத்தகங்கள் எல்லாம் எபிரேயம். மூன்று இடத்தையும் பார்த்து எழுதுவீர்களா?

உங்கள் மகள்,
பிரான்சிஸ்கா


பேசாலை
16.2.2004

அன்பு மகளுக்கு,

வேதத்தை வைத்துப் பகிடி விடுகிறவருக்கு நான் வசனம் பார்த்துக் கொடுக்க வேண்டுமாம்! கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து எடுத்தேன். பிழையான வசனம் ஒன்று எங்கேயோ திரிகிறது என்றால் எனக்கு நித்திரை வராது.

எண்ணிக்கை புத்தகம் இருபத்திரண்டாம் அதிகாரம்: கழுதை படுத்ததும் சரி, கேட்டதும் சரி. ஆனால் அரசர்கள் முதலாம் புத்தகம் பத்தாம் அதிகாரத்தில் பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, மயில்தான் இருக்கிறது. கழுதை இல்லை. கண்ணாடியைத் துடைத்து மூன்று தரம் பார்த்தேன். சாலமோன் பிலயாமுக்குப் பல நூறு வருசம் பிந்தியவர் என்பதை விட்டுவிடுகிறேன். அது பைத்தியக் கணக்கில் போகட்டும்.

மகள், அந்த மனுசனுக்கு மறதி வந்துவிட்டது. மகனிடம் சொல்லிப்போட்டு ரிக்கற்றைப் போடு.

நேற்று மன்னார் பஸ் நிலையத்தில் ஒரு கழுதை படுத்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொல்ல வேண்டும்.

அப்பா


எருசலேம்
9.3.2004

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் திருநாளுக்கு இரண்டு நாள் முந்தித்தான் கிடைத்தது. சொல்லுவதா விடுவதா என்று தெரியாமல் தவித்தேன். கடைசியில், "ஐயா, அந்த இடத்தில கழுதை இல்லையாம். அப்பா பாத்தவர்" என்றேன். மனுசன் மேசையில் அடித்தார். "அம்பது வருசம் படிப்பிச்சனான்! எனக்கு உன்ர அப்பாவோ சொல்லித் தாறது?" அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை.

திருநாளன்று பத்து மாணவர்கள் வந்திருந்தார்கள். கிடியோன் வேத புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தார். ஐயா கப்பல் வசனத்துக்கு வந்து, கழுதையையும் சேர்த்தே சொன்னார். கிடியோன் தலையை நிமிர்த்தி, "அப்பா, இங்க கழுதை இல்லையே" என்றார்.

ஐயா புத்தகத்தை எட்டிப் பார்த்தார். பிறகு தாடியைத் தடவிச் சொன்னார்: "இல்லைத்தான். கப்பல் கரைக்கு வந்தது. குரங்கு இறங்கினது, மயில் இறங்கினது. மன்னார்க் கழுதை படுத்த இடத்தை விட்டு எழும்பேல்லை. இறங்காததை எப்பிடி எழுதிறது?"

வீடே அதிர்ந்தது, அப்பா. கிடியோன் கண்ணீர் வரச் சிரித்து, அவருடைய தலையில் முத்தமிட்டார். மடத்துப் பேச்சு இனி இல்லை என்றார்.

எல்லோரும் போன பிறகு நான் தேநீர் கொண்டுபோனேன். ஐயா என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்: "பிள்ளை, நீ ஆரின்ர பிள்ளை? இங்க ஆரைப் பாக்க வந்தனி?"

இன்று காலையும் கேட்டார். கிடியோனுக்கு இன்னும் தெரியாது. மறைத்தால் பொய். சொன்னால் அவரை அனுப்பிவிடுவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்ய?

பிரான்சிஸ்கா


பேசாலை
27.3.2004

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தோடு கோயிலில் போய் இருந்தேன். கழுதை இறங்காத இடத்தில் அங்கேயே சிரித்தேன். அதற்குப் பிறகு வாசிக்கக் கஷ்டமாக இருந்தது.

மகனிடம் மறைக்காதே. ஆனால் முதலில், "நான் இவரை விட்டுப் போகமாட்டேன்" என்று சொல். அதைக் கேட்ட பிறகு மறதியைச் சொல். அந்த ஒழுங்கு மாறக்கூடாது.

ஐயா கேட்டால், பேசாலை எமிலியானுஸின் பிள்ளை, உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல். நாளைக்கும் கேட்பார். முதல் தரம் கேட்கிறவருக்குச் சொல்வது போலவே சொல். சலித்துவிடாதே.

உயிர்த்த ஞாயிறுக்கென்று உன்னுடைய அறையை வெள்ளையடித்துவிட்டேன். பரவாயில்லை. இப்போதைக்கு வராதே, மகள்.

அப்பா