அஞ்சு நிமிஷம் நான் நீயாகப் படுத்திருந்தேன்

என் கோமதி அக்காவுக்கு, கண்ணான அக்காவுக்கு,

பேத்தி காலேஜ்ல நான் நீயாகப் படுத்த அன்னைக்கு யார் யார் இருந்தாங்கன்னு முதல்ல சொல்லிடுதேன். எம்.எஸ்சி. நர்சிங் கடைசி வருஷம் படிக்கிற என் பேத்தி மகேஸ்வரி, அவ டீச்சர் ரகமத் மேடம், ரெண்டு அணியாப் பிரிஞ்ச முதல் வருஷப் பிள்ளைகள் எட்டுப் பேர், கண்மையில மீசை வரைஞ்சு வேட்டி கட்டியிருந்த அவ தோழி ஷீபா. கட்டில்ல நோயாளியா நான்.

தென்காசியில அவங்க காலேஜ்ல இப்ப விளையாட்டு வச்சும் பாடம் நடத்துதாங்க. இந்த விளையாட்டை யோசிச்சது மகேஸ்வரி. நோயாளி நீ. மீசைக்காரி உன் புருஷன். நெஞ்சு வலிச்சு உன்னைக் கொண்டுபோன அன்னைக்கு, ஆஸ்பத்திரியில கேட்டதுக்கெல்லாம் அத்தான்தானே பதில் சொன்னாரு? "பலாப்பழம் தின்னா, வாயுதான்"னு. மாத்திரை கொடுத்து அனுப்பினாங்க. சாயங்காலம் நீ இல்ல.

விதி ஒண்ணுதான். என் முகத்தைப் பார்த்து என்கிட்டக் கேட்டாத்தான் நான் வாய் திறக்கலாம். அஞ்சு நிமிஷத்துல நோயைக் கண்டுபிடிக்கணும். நான் சொல்ல வேண்டியதைப் பேத்தி சீட்டுல எழுதித் தந்தா. எனக்குச் சீட்டு எதுக்கு? நெஞ்சு வலிச்ச அன்னைக்கு நீ என் காதுல முனகினதுல ஒரு வார்த்தை மறக்கல.

முதல் அணி பிரஷர் பார்த்தது, நாடி பிடிச்சது. கேள்வியெல்லாம் மீசைக்காரிகிட்டதான். "அவளுக்கு என்ன தெரியும், என்னைக் கேளுங்க"ன்னு ஷீபா அப்படியே அத்தான்! மணி அடிச்சது, நான் செத்துப்போனேன். "நாலு பேரு சேர்ந்து கொன்னுட்டியளே, ஏட்டி!"ன்னு எழுந்து உட்கார்ந்ததும் ஒரே சிரிப்பு.

அடுத்த அணியில ஆய்க்குடிப் பிள்ளை நந்தினி. ஷீபா "வாயு"ன்னு ஆரம்பிச்சதும், "அண்ணாச்சி, ஐந்தருவியில ஒரு குளியல் போட்டுட்டு வாங்க"ன்னு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினா. என் கையைப் பிடிச்சுக் குனிஞ்சா.

"ஆச்சி, நீங்க சொல்லுங்க. உங்களுக்கு என்ன செய்யுது?"

அக்கா, இந்த ஒரு கேள்விய உன்கிட்ட யாராவது கேட்டிருந்தா?

"தாடை வலிக்கும்மா. முதுகுல பாறாங்கல்ல வச்சாப்பல இருக்கு. இடது கை மரத்துப்போச்சு."

"இது வாயு இல்லட்டி, ஹார்ட்டு! ஈசிஜி எடு, டாக்டரைக் கூப்பிடு!"ன்னு கத்தினா பாரு! மணி அடிக்க இன்னும் ஒரு நிமிஷம் கிடந்தது. நீ பிழைச்சிட்டக்கா! தோத்த நாலு பேரும் சேர்ந்து கை தட்டினாங்க. நான் கட்டில்ல இருந்தே குலவை போட்டேன். "ஆச்சி, பக்கத்து ரூம்ல பரீட்சை நடக்கு"ன்னு ரகமத் மேடம் கெஞ்சினாங்க. விடுவேனா?

வருஷா வருஷம் புதுப் பிள்ளைகள் வரும். என் கால் நடக்கிற மட்டும் நான் போய்ப் படுப்பேன். என்கிட்டக் கேட்காத பிள்ளை யாரையும் பாஸாக விடமாட்டேன், இது சத்தியம்.

அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்த நர்ஸம்மாவை மன்னிச்சிட்டேன். சின்னப் பிள்ளை, யாரு சொல்லிக் கொடுத்தா? அத்தானும் செத்து இப்ப அங்கன உன் கூடத்தான் இருக்காரு. இந்தக் கடுதாசிக்குப் பதில் நீ சொல்லு, அவரு சொன்னா எடுத்துக்க மாட்டேன்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி பிச்சம்மா.
நான் மன்னிக்காத ஒரே ஆள், உன் புருஷன் சங்கரபாண்டி.